வெள்ளையர் என்று எழுதி வெளியே நிறுத்திய கதை: ஹெர்னாண்டஸ் எதிர் டெக்சாஸ், 1954

1951 ஆகஸ்ட் 4. தெற்கு டெக்சாஸில் எட்னா என்ற சிற்றூரின் மதுக்கடை ஒன்றில் வாய்த்தகராறு முற்றியது. பீட் ஹெர்னாண்டஸ் என்ற பண்ணைத் தொழிலாளி துப்பாக்கியால் சுட்டதில் இன்னொருவர் இறந்துபோனார். சுட்டவர், செத்தவர் இருவருமே மெக்சிக வம்சாவளியினர். சுட்டது யார் என்பதில் பெரிய சந்தேகம் ஏதும் இல்லை. இரண்டே மாதத்தில், அக்டோபரிலேயே விசாரணை முடிந்து ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

இதோடு நின்றிருந்தால், எட்னா அடங்கிய ஜாக்சன் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஒரு பிரிவு) நீதிமன்ற ஆவணங்களில் தூசி படிந்து கிடக்கும் இன்னொரு கொலை வழக்காக இது முடிந்திருக்கும். ஆனால் ஹெர்னாண்டஸுக்காக வந்த வழக்கறிஞர்கள் கொலையைப் பற்றி அதிகம் பேசவில்லை. குற்றப்பத்திரிகை தந்த ஜூரியில் யார் உட்கார்ந்தார்கள், விசாரித்த ஜூரியில் யார் உட்கார்ந்தார்கள் என்று கேட்டார்கள். கடந்த 25 ஆண்டுகளில் அந்தக் கவுண்டியில் ஜூரி பணிக்கு அழைக்கப்பட்டவர்கள் 6,000-க்கும் மேல். அவர்களில் மெக்சிகப் பெயர் கொண்டவர் ஒருவர்கூட இல்லை.

இந்தியாவில் ஜூரி முறை ஒழிந்து பல காலம் ஆகிவிட்டதால், அங்கே அதற்குள்ள எடை நமக்குச் சட்டென்று பிடிபடாது. அமெரிக்காவில் ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று சொல்வது நீதிபதி அல்ல, அக்கம்பக்கத்திலிருந்து வரவழைக்கப்பட்ட சாதாரண ஆட்கள்தான். குற்றம் சாட்டலாமா என்று பார்ப்பதும் கிராண்ட் ஜூரி என்ற இன்னொரு குழு. ஓட்டுப்போடுவதற்கு அடுத்தபடியாக ஒரு குடிமகன் அரசு அதிகாரத்தைத் தன் கையால் தொடும் இடம் அது. அந்த நாற்காலியில் ஒரு சமூகத்துக்கு 25 ஆண்டுகளாக இடமே இல்லை என்றால், அந்த ஊரில் அவர்கள் குடியிருப்பவர்கள்தான், குடிமக்கள் அல்லர்.

டெக்சாஸின் பதில்

மாநில அரசு எண்ணிக்கையை மறுக்கவில்லை. 25 ஆண்டுகளில் மெக்சிகப் பெயருள்ளவர் எவரும் ஜூரியில் இருந்ததாகப் பதிவு இல்லை என்பதையும், ஜூரியாகத் தகுதியுள்ள மெக்சிக வம்சாவளி ஆண்கள் கவுண்டியில் உண்டு என்பதையும் இரு தரப்பும் எழுத்து மூலமாகவே ஒப்புக்கொண்டன. டெக்சாஸின் வாதம் வேறு தடத்தில் போனது: அரசமைப்பின் 14-ஆவது திருத்தம் தரும் சமப் பாதுகாப்பு வெள்ளையர், கறுப்பர் என்ற இரண்டு வகுப்புகளைப் பற்றியது. மெக்சிகர்கள் வெள்ளையர்கள். ஹெர்னாண்டஸை விசாரித்த ஜூரியும் வெள்ளையர்கள். அவருடைய இனத்தாரே அவரை விசாரித்திருக்கிறார்கள். அப்புறம் எங்கே பாரபட்சம்?

கேட்டவுடன் குதர்க்கம் போலத்தான் இருக்கும். ஆனால் மாநிலத்தின் உயர்ந்த குற்றவியல் நீதிமன்றம் 1952-இல் இதை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு தேசிய இனக் குழுவும் ஜூரியில் இடம் கேட்க ஆரம்பித்தால் ஜூரி முறையே குலைந்துவிடும் என்றும் எச்சரித்தது. இதில் சங்கடமான விஷயம், அந்த வாதத்துக்கான செங்கல்லைப் பல ஆண்டுகளாக அடுக்கித் தந்தவர்களில் மெக்சிக-அமெரிக்கத் தலைவர்களும் உண்டு. நாங்கள் வெள்ளையர் என்று அவர்களே நீதிமன்றம் நீதிமன்றமாகச் சொல்லிவந்திருந்தார்கள்.

அப்படி ஏன் சொன்னார்கள் என்று பார்க்க 1848-க்குப் போக வேண்டும். மெக்சிகோவுடனான போர் முடிந்து குவாதலூப்பே இதால்கோ ஒப்பந்தம் கையெழுத்தானபோது, இன்றைய கலிஃபோர்னியா முதல் நியூ மெக்சிகோ வரையிலான நிலம் அமெரிக்காவுக்குப் போனது. டெக்சாஸ் அதற்கு மூன்றாண்டு முன்பே இணைக்கப்பட்டுவிட்டது. அந்த நிலத்தில் இருந்த மெக்சிகர்கள் ஓர் ஆண்டுக்குள் மெக்சிகக் குடியுரிமையை வைத்துக்கொள்வதாகச் சொல்லாவிட்டால் அமெரிக்கக் குடிமக்களாவார்கள் என்றது ஒப்பந்தம். ஆனால் 1790-ஆம் ஆண்டுச் சட்டப்படி புதிதாகக் குடியுரிமை பெறச் ‘சுதந்திர வெள்ளையர்’ ஆக இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தால், குடிமக்களாக ஏற்கப்பட்ட மெக்சிகர்கள் வெள்ளையராகத்தானே இருக்க வேண்டும்?

இந்தக் கேள்வி 1897-இல் சான் அன்டோனியோவில் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வந்தது. ரிக்கார்டோ ரோட்ரிகஸ் என்ற மெக்சிகத் தொழிலாளி குடியுரிமை கேட்டார். அவருடைய தோல் நிறத்தையும் முகத்தையும் காட்டி, இவர் வெள்ளையர் அல்லர், கொடுக்கக் கூடாது என்று எதிர்த்தார்கள். மானுடவியல் கணக்குப்படி பார்த்தால் இவரை வெள்ளையர் என்று சொல்ல முடியாமல் போகலாம், ஆனாலும் ஒப்பந்தங்களும் இதுவரை நாடு நடந்துகொண்ட விதமும் மெக்சிகர்களுக்குக் குடியுரிமை தருகின்றன என்று நீதிபதி மேக்ஸி தீர்ப்பளித்தார். இதே சட்டத்தின் கீழ்தான் 1923-இல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியரின் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. இந்தியர்களுக்கு அந்தக் கதவு 1946-இல்தான் திறந்தது. எனவே மெக்சிகர்கள் அந்தச் சொல்லை இறுகப் பற்றிக்கொண்டதை வெறும் ஆசை என்று தள்ளிவிட முடியாது. அதை விட்டால் குடியுரிமையே கேள்விக்குறியாகும்.

1929-இல் டெக்சாஸின் கார்பஸ் கிறிஸ்டி நகரில் லூலாக் என்ற மெக்சிக-அமெரிக்கர்களின் உரிமை அமைப்பு தொடங்கியபோது அதன் போக்கும் இப்படித்தான் இருந்தது. அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும் உறுப்பினர் இடம், ஆங்கிலமே அலுவல் மொழி, நாட்டுப்பற்று. 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘மெக்சிகர்’ என்று தனி இனப் பெட்டி போட்டபோது அவர்களும் மெக்சிக அரசும் எதிர்த்தார்கள். 1940-இல் அந்தப் பெட்டி காணாமல் போனது. இந்தத் தவிப்பைப் புரிந்துகொள்ள, அதே 1930-களில் லட்சக்கணக்கான மெக்சிக வம்சாவளியினர், அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள் உட்பட, ரயிலேற்றி மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் இதற்கு ஒரு விலையும் இருந்தது. நாங்கள் வெள்ளையர், எங்களைப் பிரிக்காதே என்று சொல்லும்போது, அவர்களைப் பிரிக்கலாம் என்பது சொல்லாமலே உள்ளே வந்துவிடுகிறது. கறுப்பர்களோடு தங்களைச் சேர்த்துப் பேசுவதையே விரும்பாத லூலாக் தலைவர்கள் இருந்தார்கள். 1947-இல் கலிஃபோர்னியாவின் மெண்டஸ் வழக்கில் மெக்சிகக் குழந்தைகளைத் தனிப் பள்ளியில் வைப்பதை மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்ததுகூட, மாநிலச் சட்டம் மெக்சிகர்களைப் பிரிக்கச் சொல்லவில்லை என்ற அடிப்படையில்தான். அந்தச் சட்டம் ஆசியக் குழந்தைகளையும் பூர்வகுடிக் குழந்தைகளையும் பிரிக்க அனுமதித்தது. (தீர்ப்பு வந்த சில மாதங்களில் கலிஃபோர்னியா அந்தச் சட்டத்தையும் நீக்கிவிட்டது, அதில் கையெழுத்திட்ட ஆளுநரின் பெயர் ஏர்ல் வாரன். இந்தக் கதையில் அவர் மறுபடி வருவார்.)

நால்வர்

கொலை வழக்கை எடுத்தவர் கஸ் கார்சியா. சான் அன்டோனியோக்காரர், பேச்சில் சூரர், குடியில் தன்னைத் தொலைத்துக்கொண்டிருந்தவர். 1948-இல் டெக்சாஸின் தனி மெக்சிகப் பள்ளிகளுக்கு எதிரான டெல்காடோ வழக்கை வென்றிருந்தார். முதல் வகுப்பில் மட்டும், பரீட்சை வைத்து மொழி தெரியாதவர்களைத் தனியே உட்காரவைக்கலாம் என்ற ஓட்டை அந்தத் தீர்ப்பில் இருந்தது. பள்ளி நிர்வாகங்கள் அந்த ஓட்டை வழியாக லாரியே ஓட்டின. அவருக்குத் துணை சான் அன்டோனியோவில் சட்டம் கற்பித்த கார்லோஸ் கடேனா. மேல்முறையீட்டு வாதத்தின் எலும்புக்கூடு அவர் எழுதியது. ஹியூஸ்டனிலிருந்து ஜான் ஹெரேராவும், அவரோடு ஜேம்ஸ் டியாண்டா என்ற இளம் வழக்கறிஞரும் சேர்ந்தார்கள். இந்த இருவருக்கும் ஜூரி பிரச்சினை புதிதல்ல. பக்கத்து ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் அனிசெட்டோ சான்செஸ் வழக்கில் இதே வாதத்தை வைத்து அப்போதுதான் தோற்றிருந்தார்கள்.

பணம் லூலாக்கிலிருந்தும் அமெரிக்கன் ஜி.ஐ. ஃபோரத்திலிருந்தும் வந்தது. பின்னது, இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பிய மெக்சிக-அமெரிக்க வீரர்களுக்காக டாக்டர் ஹெக்டர் கார்சியா 1948-இல் தொடங்கிய சங்கம். சண்டையில் செத்த ஃபெலிக்ஸ் லாங்கோரியா என்ற வீரரின் உடலுக்குச் சொந்த ஊரான த்ரீ ரிவர்ஸின் ஈமச்சடங்கு மண்டபம் இடம் தர மறுத்து, 1949-இல் செனட்டர் லிண்டன் ஜான்சன் தலையிட்டு ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்த விவகாரத்தில்தான் இந்தச் சங்கம் நாடு முழுக்கத் தெரியவந்தது. பெரும் நன்கொடையாளர் யாரும் கிடையாது. கூட்டங்களில் தொப்பி சுற்றிவந்து சேர்ந்த சில்லறைதான்.

எட்னாவில் மெக்சிகர்கள் இரவு தங்குவது பாதுகாப்பில்லை என்பதால் வழக்கறிஞர்கள் ஒவ்வொரு நாளும் விசாரணை முடிந்ததும் சுமார் 160 கிலோமீட்டர் காரோட்டி ஹியூஸ்டனுக்குத் திரும்பினார்கள். நீதிமன்றத்தில் வாதாட உரிமை உண்டு. அந்த ஊரில் படுக்க இடம் கிடையாது.

கழிப்பறைக் கதவில் எழுதியிருந்தது

இந்த வழக்கில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் எட்னா நீதிமன்றத்தின் அந்த விசாரணைதான். உச்ச நீதிமன்றத்தில் நடந்ததெல்லாம் இங்கே சேகரித்த சாட்சியத்தின் மேல்தான் நிற்கிறது.

வழக்கறிஞர்களுக்கு ஒரு சிக்கல். நாங்கள் வெள்ளையர் அல்லர் என்று சொல்ல அவர்களுக்கு மனமில்லை, அமைப்புகளும் ஏற்காது. வெள்ளையர் என்று சொன்னால் டெக்சாஸ் சொல்வதே சரி என்றாகிவிடும். எனவே அவர்கள் பிடித்த வழி இது: இனம் எதுவாகவும் இருக்கட்டும், இந்த ஊர் எங்களைத் தனியாக வைத்திருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். அறிவியலையும் ஒப்பந்தத்தையும் விட்டுவிட்டு ஊர் வழக்கத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

ஊர்ப் பொறுப்பில் இருந்தவர்களையே கூண்டில் ஏற்றிக் கேட்டதில், இங்கே ‘வெள்ளையர்’ வேறு, ‘மெக்சிகர்’ வேறு என்றுதான் பேசுவது வழக்கம் என்று ஒப்புக்கொண்டார்கள். வணிகக் குழுக்களிலும் ஊர்ச் சங்கங்களிலும் மெக்சிக வம்சாவளியினர் அரிதாகவே இருந்தது தெரிந்தது. சமீப காலம் வரை அவர்களின் குழந்தைகள் முதல் நான்கு வகுப்புகளைத் தனிப் பள்ளியில் படித்திருந்தார்கள். ஊரின் உணவகம் ஒன்றில் ‘மெக்சிகர்களுக்கு இங்கே பரிமாறப்படாது’ என்ற பலகை எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கியது.

அப்புறம் கழிப்பறை. மதிய இடைவேளையில் ஹெரேரா நீதிமன்ற வளாகத்தின் பின்பக்கம் போயிருந்தார். திரும்பி வந்ததும் அவரையே சாட்சியாக ஏற்றினார்கள். ஆண்களுக்கு அங்கே இரண்டு கழிப்பறைகள் இருந்தன. ஒன்றில் எதுவும் எழுதியிருக்கவில்லை. இன்னொன்றில் ‘கறுப்பின ஆண்கள்’ என்று ஆங்கிலத்திலும், அதற்குக் கீழே ‘ஓம்பிரெஸ் அகி’, அதாவது ஆண்கள் இங்கே என்று ஸ்பானிய மொழியிலும் எழுதியிருந்தது.

நீதிமன்றத்துக்குள்ளே அரசு வழக்கறிஞர் மெக்சிகர்கள் வெள்ளையர்களே என்று வாதிட்டுக்கொண்டிருந்த நாளில், அந்த நீதிமன்றத்தின் கழிப்பறை அவர்களைக் கறுப்பர் வரிசையில் போகச் சொன்னது. இதைவிடச் சிறந்த சாட்சியை யாரும் தயாரித்திருக்க முடியாது. எதிர்த் தரப்பு தன் கையாலேயே வண்ணமடித்து வைத்திருந்த சாட்சி அது.

ஜூரிப் பட்டியல் தயாரிக்கும் ஐந்து ஆணையர்களும் கூண்டேறினார்கள். டெக்சாஸ் முறையில் அவர்கள்தான் தகுதியான ஆட்களைத் தேர்ந்தெடுப்பார்கள். பார்வைக்கு ஒழுங்கான முறைதான். சட்டப் புத்தகத்தில் இனத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. நாங்கள் யாரையும் ஒதுக்கவில்லை, மிகத் தகுதியானவர்களைத்தான் தேடினோம் என்று ஐவரும் சொன்னார்கள். பொய் சொன்னார்கள் என்றுகூட நான் நினைக்கவில்லை. ஜூரிக்கு ஆள் யோசிக்கும்போது மெக்சிக முகம் ஒன்று அவர்கள் நினைவிலேயே வந்திருக்காது. அதுதான் விஷயம்.

எதிர்த் தரப்பைக் கட்டிப்போட்டது கணக்கு. 1950 கணக்கெடுப்பின்படி கவுண்டியின் மக்கள் 12,916 பேர். அதில் 1,865 பேருக்கு, அதாவது சுமார் 14 சதவீதத்தினருக்கு, மெக்சிக அல்லது லத்தீன் அமெரிக்கக் குடும்பப் பெயர். அவர்களில் 1,738 பேர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். 21 வயதைக் கடந்த ஆண்கள் 3,754 பேரில் 408 பேர் ஸ்பானியப் பெயர்க்காரர்கள், 11 சதவீதம். பெண்களை ஏன் எண்ணவில்லை என்று கேட்கலாம். டெக்சாஸில் பெண்கள் ஜூரியில் உட்காரவே முடியாது. 1954 நவம்பரில் மாநில அரசமைப்பைத் திருத்திய பிறகுதான் அனுமதி கிடைத்தது. ஹெர்னாண்டஸ் தீர்ப்பு அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வாஷிங்டன்

1953 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்டது. 1954 ஜனவரி 11 அன்று கார்சியாவும் கடேனாவும் ஒன்பது நீதிபதிகள் முன் நின்றார்கள். அந்த நீதிமன்றத்தில் வாதாடிய முதல் மெக்சிக-அமெரிக்க வழக்கறிஞர்கள் என்று இவர்களைச் சொல்வது வழக்கம். இதில் பெரும் வியப்பு, நீதிபதிகள் சிலர் கேட்ட அடிப்படைக் கேள்விகள்: இவர்கள் குடிமக்களா? ஆங்கிலம் பேசுவார்களா? தென்மேற்கில் நூறாண்டுக்கு மேலாகக் குடிமக்களாக வாழ்ந்த ஒரு சமூகம் வாஷிங்டனில் அவ்வளவு அறியப்படாததாக இருந்தது. டெக்சாஸின் நாயகன் சாம் ஹியூஸ்டன் டென்னஸியிலிருந்து வந்தேறுவதற்கு நூறாண்டு முன்பே எங்கள் ஆட்கள் அங்கே இருந்தார்கள் என்று கார்சியா திருப்பிச் சொன்னதாகவும், தலைமை நீதிபதி அவருக்குக் கூடுதல் நேரம் கொடுத்ததாகவும் உடன் இருந்தவர்கள் பிற்காலத்தில் சொல்லிச் சொல்லி, அது இப்போது அந்தச் சமூகத்தின் குடும்பக் கதை போல ஆகிவிட்டது. 

கடேனாவின் எழுத்து வாதம் கார்சியாவின் பேச்சை விடக் குளிர்ச்சியானது, கூர்மையானது. கறுப்பரை ஜூரியிலிருந்து ஒதுக்கினால் தண்டனையை ரத்து செய்ய வேண்டும் என்பது 1880-இன் ஸ்ட்ராடர் வழக்கிலிருந்தே சட்டம். மெக்சிகர்கள் வெள்ளையர் என்பதால் அவர்களை ஒதுக்கலாம் என்றால், வெள்ளையராக இருப்பதற்காகவே ஒருவர் பாதுகாப்பை இழக்கிறார் என்று ஆகிறதே? டெக்சாஸின் வாதத்தை அதன் வாலைப் பிடித்தே கடேனா திருப்பினார்.

1954 மே 3. ஒன்பது பேரும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். எழுதியவர் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன். 14-ஆவது திருத்தம் வெள்ளையர், கறுப்பர் என்ற இரண்டே வகுப்புக்கானது அல்ல என்றார். சமூகத்தின் வெறுப்பு ஓரிடத்தில் நிற்பதில்லை. காலத்துக்கேற்ப வேறு குழுக்கள் மேலும் அது பாயலாம். எந்தக் குழு தனித்து ஒதுக்கப்படுகிறது என்பது அந்தந்த ஊரில் உண்மையாக நிரூபிக்க வேண்டிய விஷயம் என்பது தீர்ப்பின் சாரம். உணவகப் பலகை, பள்ளி, கழிப்பறை எல்லாம் தீர்ப்பில் வரிசையாக வந்தன. பெயரை வைத்து எப்படி ஆளை அடையாளம் காண்பது என்று டெக்சாஸ் கேட்டதற்கு, நிறத்தைப் போலவே ஸ்பானியப் பெயரும் எளிதில் அடையாளம் காட்டும் என்று பதில் வந்தது. 25 ஆண்டுகளில் 6,000-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூட வராதது தற்செயல் என்று நம்பச் சொல்வது நம்பும் திறனுக்கே அதிக பாரம் என்றார் வாரன். ஆணையர்கள் மறுத்துச் சாட்சி சொன்னதால் அந்த எண்ணிக்கைக்குப் பதில் சொன்னதாக ஆகாது என்றும் சொன்னார்.

ஹெர்னாண்டஸின் தண்டனை ரத்தானது. மறு விசாரணை நடந்தது. மறுபடியும் குற்றவாளி என்றே தீர்ப்பு வந்தது. இதில் யாரும் ஏமாற்றமடைந்ததாகத் தெரியவில்லை. அவர் சுடவில்லை என்று எவரும் வாதிட்டதில்லையே.

எதை வென்றார்கள், எதை வெல்லவில்லை

சரியாக 14 நாள் கழித்து, மே 17 அன்று, அதே நீதிமன்றம் பிரவுன் வழக்கில் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்றது. உலகம் அந்தத் தீர்ப்பைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. ஹெர்னாண்டஸ் அதன் நிழலில் மறைந்துவிட்டது என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. நிழலில் மறைந்ததற்குப் பிரவுன் மட்டும் காரணமில்லை என்பது என் எண்ணம்.

நீதிமன்றம் மிகவும் கெட்டிக்காரத்தனமாக ஒரு கேள்வியைத் தாண்டிப் போனது. மெக்சிக-அமெரிக்கர் ஓர் இனமா என்று அது சொல்லவில்லை. ஜாக்சன் கவுண்டியில் அவர்கள் தனித்து நடத்தப்படும் ஒரு வகுப்பு என்று மட்டும் சொன்னது. அறிவார்ந்த முடிவுதான், ஓர் ஆள் எந்த இனம் என்பதை மண்டை ஓட்டை அளந்து தீர்மானிக்காமல், ஊர் அவரை எந்தக் கதவுக்கு அனுப்புகிறது என்று பார்த்தது. ஆனால் இதனால் ஒவ்வொரு ஊரிலும் வழக்குப் போடுபவர் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும் என்றானது. வென்ற தரப்புக்கும் இது வசதியாக இருந்தது. வெள்ளையர் என்ற உரிமைகோரலை யாரும் கைவிட வேண்டியிருக்கவில்லை. பிரவுன் வழக்கை நடத்திய கறுப்பின வழக்கறிஞர்களும் இவர்களும் ஒரே நீதிமன்றத்தில் ஒரே பருவத்தில் நின்றார்கள். இருவரும் பேசியது ஒரே திருத்தத்தைப் பற்றி. ஆனாலும் இரண்டு தடங்கள் பெரிதாகச் சந்திக்கவில்லை.

‘வெள்ளையர்’ என்ற சொல்லே பொறியாகி எப்படிச் சாத்திக்கொண்டது என்பதை 1970 காட்டியது. ஹியூஸ்டனில் பள்ளிகளை ஒன்றுகலக்கச் சொல்லி நீதிமன்ற உத்தரவு வந்தது. மெக்சிகர்கள் வெள்ளையர்தானே? எனவே கறுப்பினப் பள்ளிகளை மெக்சிகப் பள்ளிகளோடு ஜோடி சேர்த்து, கலந்தாயிற்று என்று கணக்குக் காட்டும் திட்டம் ஏற்கப்பட்டது. உண்மையான வெள்ளையர் பள்ளிகள் பலவும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரே மாதிரி ஒடுக்கப்பட்ட இரு பிள்ளைக் கூட்டங்களை ஒன்றோடொன்று இணைத்து நீதி என்பது கேலிக்கூத்து என்று மேல்முறையீட்டில் ஒரு நீதிபதி மாறுபட்டு எழுதினார். அந்த ஆகஸ்டில் ஆயிரக்கணக்கான மெக்சிக-அமெரிக்க மாணவர்கள் பள்ளியைப் புறக்கணித்தார்கள். ‘வேலைநிறுத்தப் பள்ளிகள்’ என்று தாங்களே வகுப்புகள் நடத்தினார்கள். முந்தைய தலைமுறை நீதிமன்றத்தில் வாதாடிப் பெற்ற சொல்லை, அடுத்த தலைமுறை தெருவில் இறங்கித் திருப்பித் தந்தது.

அதே 1970 ஜூனில் கார்பஸ் கிறிஸ்டியில் இன்னொரு தீர்ப்பு. உருக்காலைத் தொழிலாளர்களின் குடும்பங்கள், தொழிற்சங்கம் பின்னால் நிற்க, நகரப் பள்ளிகள் மேல் வழக்குப் போட்டிருந்தன. இவர்கள் தனித்து அடையாளம் காணக்கூடிய சிறுபான்மை இனக்குழு. பிரவுன் தீர்ப்பு இவர்களுக்கும் பொருந்தும் என்று நீதிபதி உட்ரோ சீல்ஸ் சொன்னார். ‘நாங்களும் வெள்ளையர்’ என்ற வாதத்தை முழுக்க மூட்டைகட்டி வைத்துவிட்டு நடந்த வழக்கு அது. அந்தக் குடும்பங்களின் வழக்கறிஞர் ஜேம்ஸ் டியாண்டா. எட்னாவுக்குத் தினமும் காரில் போய்வந்த குழுவின் இளைய ஆள், 19 ஆண்டு கழித்து, தன் மூத்தவர்கள் விட இயலாததை விட்டார். 1979-இல் அவர் கூட்டாட்சி நீதிபதியானார். கடேனாவும் டெக்சாஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றின் தலைமை நீதிபதி ஆனார். கார்சியாவுக்கு அந்த அதிர்ஷ்டமில்லை. குடியும் நோயும் தின்று, 1964-இல் சான் அன்டோனியோவின் பழைய சந்தைப் பகுதியில் ஒரு பெஞ்சில் இறந்துகிடந்தார். வயது 48.

ஜூரிக்கு வருவோம். பெயர்களை எண்ணிக் கேள்வி கேட்கும் முறை தொடர்ந்தது, கூர்மையும் அடைந்தது. 1977-இல் காஸ்டனேடா எதிர் பார்ட்டிடா வழக்கு. டெக்சாஸின் இதால்கோ கவுண்டியில் 79 சதவீதம் பேர் மெக்சிக-அமெரிக்கர்கள். 11 ஆண்டுகளில் கிராண்ட் ஜூரிக்கு அழைக்கப்பட்ட 870 பேரில் 339 பேர், 39 சதவீதம், மட்டுமே அவர்கள். மக்கள்தொகை விகிதப்படி சுமார் 688 பேர் இருந்திருக்க வேண்டும். இந்த இடைவெளி தற்செயலாக வருவதற்கான வாய்ப்பை உச்ச நீதிமன்றம் அடிக்குறிப்பில் புள்ளியியல் போட்டே காட்டியது: எதிர்பார்த்த எண்ணிலிருந்து எவ்வளவு விலகியது என்று அளக்கும் அலகில் 29 திட்ட விலக்கங்கள், அதாவது தற்செயல் என்று சொல்லவே முடியாத தூரம். அந்தக் கவுண்டியில் அதிகாரிகளில் பலரும் மெக்சிக-அமெரிக்கர்கள்தானே, அவர்கள் தங்கள் ஆட்களையே ஒதுக்குவார்களா என்ற வாதத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில்.

பட்டியலில் பெயர் ஏறுவது ஒரு கட்டம். பட்டியலில் உள்ளவரை விசாரணை நாளில் வழக்கறிஞர்கள் காரணம் சொல்லாமல் நீக்கலாம் என்பது இன்னொரு கட்டம். 1991-இல் அது வேறொரு ஹெர்னாண்டஸின் வழக்காக வந்தது. இந்தமுறை எதிர்த் தரப்பு நியூயார்க். புரூக்ளினில் நடந்த விசாரணையில் அரசு வழக்கறிஞர் ஸ்பானிய மொழி தெரிந்த லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை ஜூரியிலிருந்து நீக்கியிருந்தார். சாட்சிகள் ஸ்பானியத்தில் பேசும்போது, மொழிபெயர்ப்பாளர் சொல்வதை மட்டும் ஏற்பீர்களா என்று கேட்டதற்கு அவர்கள் தயங்கினார்கள், அதனால்தான் நீக்கினேன் என்றார். உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதை ஏற்றுக்கொண்டது. நீக்கத்தின் விளைவு ஒரு குழுவை அதிகம் பாதித்தாலும், அவர் மனதில் பாரபட்ச நோக்கம் இல்லை என்று கீழ் நீதிமன்றம் நம்பியதே போதும் என்பது தீர்ப்பு. எட்னாவின் ஐந்து ஆணையர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: எங்களுக்கு அப்படி ஒரு நோக்கம் இல்லை. 1954-இல் நீதிமன்றம் அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு எண்ணிக்கையைப் பார்த்தது. 1991-இல் பதிலைக் கேட்டு, அங்கேயே நின்றுவிட்டது.